ஒரே பாத்தி, இரண்டு மரங்கள்: நிழலில் பட்டுப்போன செடிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அக்கா வீட்டின் வடக்குப் பக்கம் 9 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதன் தெற்கு ஓரம் வீட்டுச் சுவர். மேற்கு முனையில் ஒரு நார்வே மேப்பிள், கிழக்கு முனையில் ஒரு ஓக். இரண்டும் முதிர்ந்த மரங்கள், கோடையில் இரண்டின் கிளைகளும் நடுவில் சேர்ந்துகொள்ளும். புல் விதைத்தால் ஒரு வருடம் தாங்கும், மறு வருடம் பாசிதான் மிஞ்சும். 'இங்கே நிழல் செடிகளை வைத்துவிடலாமே' என்று இறங்கி, மூன்று வருடங்களை வீணாக்கினோம். நான்காம் வருடம் செப்டம்பர் கடைசி வரை ஒரு செடியும் நடாமல் அளந்து மட்டும் பார்த்தோம். இப்போது நடப்பது ஏழாம் வருடம். என்ன செய்தோம், எங்கே தவறாகப் புரிந்துகொண்டோம், எது பிழைத்தது என்பதை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். மரத்தடியில் செடி வைத்துத் தோற்ற எல்லோரும் ஏறக்குறைய இதே வழியில்தான் தோற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் செடிகளைப் பற்றி. இலையுதிர் காடுகளின் தரையில், பெரிய மரங்களுக்கு அடியில், வருடா வருடம் அதே கிழங்கிலிருந்தோ வேர்த்தண்டிலிருந்தோ துளிர்த்து வரும் பல்லாண்டுச் செடிகள் இவை. கிழக்கு வட அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து காகசஸ் வரை, அப்புறம் சீனா, கொரியா, ஜப்பான் என்று மூன்று பெரிய தாயகங்கள். ஹோஸ்டா கிழக்காசியாவிலிருந்து வந்தது, ப்ரூனெரா காகசஸிலிருந்து, பெரிய வெள்ளைப் பூ ட்ரில்லியம் வட அமெரிக்காவிலிருந்து. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உறங்குவதற்கு ஒரு குளிர்காலம் வேண்டும். குளிர் சரியாக வராத இடங்களில் இந்தப் பட்டியல் உதவாது. ஆனால் கீழே வரும் வேர், தண்ணீர்க் கணக்கு எந்த மரத்தடிக்கும் பொருந்தும்.

முதல் மூன்று வருடங்கள்

முதல் வருடம் மே மாத நடுவில் பாத்தி முழுவதையும் ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தினோம். ஓக் பக்கம் மண்வெட்டி தடையில்லாமல் இறங்கியது. மேப்பிள் பக்கம் இறங்கவே இல்லை. காலால் அழுத்தி, குதித்து, கடைசியில் கத்தியால் வேர்களை அறுத்துத்தான் குழி எடுக்க முடிந்தது. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. மட்கு உரம் கலந்து 41 செடிகளை நட்டோம்: 14 ஹோஸ்டா, 9 ஆஸ்டில்பி, 8 பெரணி, 5 ப்ளீடிங் ஹார்ட், 5 பல்மனேரியா. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் ஏறக்குறைய சரிபாதியாக, ஒரே வரிசையில் வைத்தோம். அந்த அழகு ஆசைதான் பின்னால் இந்த ஆய்வுக்கே கைகொடுத்தது. ஒரே செடி, ஒரே நாள், ஒரே உரம், இரண்டு மரங்கள்.

ஜூன் வரை எல்லாம் பச்சை. ஜூலை கடைசியில் மேப்பிள் பக்கத்து ஆஸ்டில்பி இலைகளின் ஓரம் மொறுமொறுவென்று காய ஆரம்பித்தது. ஆகஸ்டில் ஒவ்வொன்றாகக் கருகியது. ஹோஸ்டா சாகவில்லை, ஆனால் அடுத்த வசந்தத்தில் முந்தைய வருட இலையில் பாதி அளவுதான் விட்டது. ஓக் பக்கம் அதே ஹோஸ்டா இரண்டு மடங்காகப் பெருத்திருந்தது.

"வெளிச்சம் பத்தலடா அந்தப் பக்கம்," என்றாள் அக்கா. நானும் தலையாட்டினேன். நிழலில் ஒரு செடி செத்தால் நிழல்தான் கொன்றது என்று நினைப்பது இயல்பு. அந்தக் குளிர்காலத்தில் ஆள் வைத்து மேப்பிளின் தாழ்ந்த கிளைகளை வெட்டினோம். மறு கோடையில் மாலை வெயில் மேற்கிலிருந்து நேராகப் பாத்திக்குள் விழுந்தது. வெளிச்சம் கூடியது, கூடவே மண்ணும் சீக்கிரம் காய்ந்தது. நீலச்சாம்பல் நிற ஹோஸ்டாவின் இலை மேல் மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று உண்டு, அந்த நிறமே அதனால்தான். வெயிலில் அது உருகிப்போய் நிறம் மங்கி, அப்புறம் இலையில் தீய்ந்த திட்டுகள் வந்தன. வெளிச்சம்தான் குறை என்றால் நிலைமை தேறியிருக்க வேண்டும், மோசமாகத்தான் ஆனது. இந்த ஒரு தடயத்தை வைத்தே நாங்கள் நின்று யோசித்திருக்கலாம்.

யோசிக்கவில்லை. "மண்ணுல சத்து இல்ல" என்று அடுத்த முடிவுக்குத் தாவினோம். இரண்டாம் வருட இலையுதிர்காலத்தில் மேப்பிள் பக்கம் முழுக்க 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் புது மண்ணும் மட்கும் கொட்டி, செத்தவற்றுக்குப் பதில் புதுச் செடிகள் வைத்தோம். மூன்றாம் வருட வசந்தம் அமோகம். அக்கா படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். ஆகஸ்டில் மறுபடியும் அதே மொறுமொறு ஓரம்.

அந்த மாதம் ஒரு ஹோஸ்டாவை வேரோடு தோண்டி எடுத்தோம். அதுதான் இந்தக் கதையின் திருப்பம். நாங்கள் கொட்டிய புது மண் முழுவதும் இளஞ்சிவப்பு நூல் போன்ற மேப்பிள் வேர்களால் பாய் பின்னியது போல் ஆகியிருந்தது. ஹோஸ்டாவின் வேர்க்கட்டிக்கு உள்ளேயே புகுந்து ஊடுருவி இருந்தது. செடிக்குப் போட்ட விருந்தை மரம் ஒரே பருவத்தில் மேலேறி வந்து சாப்பிட்டுவிட்டது. இதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது, அப்போது எங்களுக்குத் தெரியாது. மரத்தின் வேர்ப்பரப்பு மேல் மண் கொட்டினால் கீழே இருக்கும் வேர்களுக்குக் காற்று குறையும். அடிமரம் அகன்று தரையைத் தொடும் இடத்தை மண் மூடினால் பட்டை அழுகவும் கூடும். மரம் உடனே காட்டாது, சில வருடம் கழித்து உச்சிக்கிளை காயத் தொடங்கும்போதுதான் தெரியும். கொட்டிய மண்ணை மறுபடி கையால் வாரி எடுத்தோம். இரண்டு வார இறுதிகள் போயின.

மூன்றாம் வருட முடிவில், முதலில் நட்ட 41 செடிகளில் உயிரோடு இருந்தவை 19. அவற்றில் 16 ஓக் பக்கம்.

அளந்த வருடம்

நான்காம் வருடம் இலையுதிர்காலம் வரை எதுவும் நடுவதில்லை என்று முடிவு செய்தோம். அக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை. வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டு ஒரு வசந்தத்தைக் கழிப்பது தோட்டக்காரருக்குப் பெரிய தண்டனை. ஆனால் செடியை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதைவிட இடத்தைப் புரிந்துகொள்வது மலிவு.

முதலில் வெளிச்சம். ஏப்ரல், ஜூன், செப்டம்பர் மாதங்களில் வெயில் உள்ள ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, மணிக்கு ஒருமுறை எந்த இடத்தில் நேர் வெயில் விழுகிறது என்று தாளில் குறித்தோம். நாளுக்கு 3 மணி நேரத்துக்குக் குறைவாக நேர் வெயில் என்றால் முழு நிழல், 3 முதல் 6 என்றால் அரை நிழல். தோட்டக்காரர்களின் பொதுக் கணக்கு இதுதான். வானம் தெளிந்த நண்பகல் நேரத்தில் வெள்ளைத் தாள் மேல் கையை ஒரு அடி உயரத்தில் பிடித்து, நிழலின் ஓரம் எவ்வளவு தெளிவாக விழுகிறது என்றும் பார்த்தோம். ஜூனில் வந்த விடை எங்கள் மூன்று வருட நம்பிக்கையைக் காலி செய்தது. கிளை வெட்டிய மேற்கு ஓரத்தை விட்டால், மேப்பிள் அடியிலும் ஓக் அடியிலும் நேர் வெயில் ஏறக்குறைய ஒரே அளவுதான். இரண்டு இடத்திலும் இலை இடுக்கில் விழும் வெயில் புள்ளிகள் சேர்த்து இரண்டு மணி நேரம். அதே வெளிச்சத்தில் ஒரு பக்கம் ஹோஸ்டா கொழுத்தது, மறுபக்கம் நலிந்தது. ஆக, வெளிச்சம் குற்றவாளி இல்லை.

அப்புறம் மழை. ஒரே அளவுள்ள நான்கு காலி டப்பாக்களை வைத்தோம்: திறந்த வெளியில் ஒன்று, ஓக் அடியில் ஒன்று, மேப்பிள் அடியில் ஒன்று, சுவரை ஒட்டி ஒன்று. ஒரு நாள் முழுக்கப் பெய்த மழைக்குப் பிறகு திறந்த வெளி டப்பாவில் 20 மில்லிமீட்டர். ஓக் அடியில் 16, மேப்பிள் அடியில் 15, சுவர் ஓரத்தில் 5. மரத்தின் தலை மழையில் ஒரு பங்கைப் பிடித்து அப்படியே ஆவியாக விட்டுவிடும் என்பது தெரிந்ததுதான். இலையுதிர் மரங்களில் அது சாதாரணமாகப் பத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை இருக்கும். எங்கள் அளவும் அதற்குள்தான் வந்தது. சுவர் ஓரம் மட்டும் எதிர்பாராதது. கூரை நீட்டத்துக்குக் கீழே அது மழை மறைவு, பாலைவனம் போல. அந்த ஒரு மீட்டர் பட்டையை இரண்டு மரத்தின் கணக்கிலும் சேர்க்காமல் தனி இடமாகப் பார்க்க வேண்டும் என்பது டப்பா வைத்ததால்தான் தெரிந்தது.

இதில் முக்கியம், ஓக்குக்கும் மேப்பிளுக்கும் இருந்த வித்தியாசம் வெறும் 1 மில்லிமீட்டர் என்பது. மேலிருந்து விழும் தண்ணீரும் ஒன்றுதான், வெளிச்சமும் ஒன்றுதான். சரி, அப்படியானால் வித்தியாசம் தரைக்குக் கீழே.

மழை விட்டு நான்காம் நாள் இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் எடுத்துப் பிடித்துப் பார்த்தோம். ஓக் பக்கத்து மண் உள்ளங்கையில் உருண்டையாக நின்றது. மேப்பிள் பக்கத்து மண் பொடியாக விரலிடுக்கில் வழிந்தது. செங்கல் அளவு குழிக்குள் ஓக் பக்கம் விரல் தடிமனில் மூன்று நான்கு வேர், கொஞ்சம் மெல்லிய வேர். மேப்பிள் பக்கம் எண்ணவே முடியாத நூல்கூட்டம்.

மரத்தின் வேர் என்றால் மேலே உள்ள கிளைகளைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல ஆழமாகப் போகும் என்று பள்ளிப் புத்தகப் படங்கள் நம் மனதில் பதித்துவிட்டன. உண்மையில் தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் 30 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். கிளை முடியும் இடத்தையும் தாண்டிப் பக்கவாட்டில் பரவும். செடியின் வேர் இருப்பதும் அதே 30 சென்டிமீட்டரில்தான். வெயில் நாளில் ஒரு முதிர்ந்த மரம் நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீரை இழுத்து ஆவியாக விடும். அந்தப் போட்டியில் ஒரு ஆஸ்டில்பி எங்கே நிற்கும்? ஓக்குக்கும் மேல்மண்ணில் மெல்லிய வேர் உண்டு, ஆனால் நார்வே மேப்பிள் போல் அது தரைக்கு அடியில் ஜமுக்காளம் விரிப்பதில்லை.

அறிகுறிகளைத் தெரிந்திருந்தால் முதல் ஆகஸ்டிலேயே இதைப் பிடித்திருக்கலாம். வெளிச்சம் போதாத செடி நீளும். காம்பு நீண்டு, வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்து, பூக் குறைந்து, தொளதொளவென்று இருக்கும். ஆனால் இலை பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். தண்ணீர் போதாத செடிக்கு இலை ஓரம் காயும், வருடா வருடம் உருவம் சிறுக்கும், கோடை முடியும் முன்பே படுத்துவிடும். எங்கள் செடிகள் ஒன்றுகூட நீளவில்லை. எல்லாம் சிறுத்தன. கண்ணெதிரே மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் கேட்கவில்லை.

காட்டுத்தரைச் செடிக்கு வெளிச்சக் குறைவு அவ்வளவு பெரிய துன்பமே இல்லை. அடர்ந்த இலையுதிர் காட்டில் கோடையில் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் திறந்த வெளியில் விழுவதில் 1 முதல் 5 சதவீதம்தான் இருக்கும். அதில் வாழப் பழகிய செடிகள் இவை. அதற்காகத்தான் இலையை மெல்லியதாக, அகலமாக வைத்திருக்கின்றன. வெளிச்சத்தை அள்ளுவதற்கு அது நல்ல ஏற்பாடு. தண்ணீர் தட்டுப்பாட்டில் அதே இலைதான் முதலில் மாட்டிக்கொள்ளும்.

யார் எப்போது விழித்திருக்கிறார்கள்

அந்த ஏப்ரலில் குறித்த வெளிச்சத் தாளில் இன்னொன்றும் கிடைத்தது. மேப்பிள் முந்தி இலை விட்டது, ஓக் இரண்டரை வாரம் பிந்தியது. அந்த இரண்டரை வாரமும் ஓக் அடியில் வெயில் தரையில் கொட்டிக் கிடந்தது. ட்ரில்லியம், ப்ளட்ரூட் போன்ற வசந்தகாலக் காட்டுப்பூக்கள் வாழ்வதே இந்த இடைவெளியில்தான். மரம் இலை மூடும் முன்பு துளிர்த்து, பூத்து, வருடத்துக்கு வேண்டிய மாவுச்சத்தில் பெரும்பங்கைச் சேர்த்துவிடும். அவற்றில் சில ஜூனிலேயே தரைக்கு மேல் இருந்த சுவடு தெரியாமல் படுத்துவிடும். நிழல் விரும்பிகள் என்று நாம் பெயர் வைத்திருக்கும் இவை, சரியாகச் சொன்னால், நிழல் வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிடும் கெட்டிக்காரர்கள்.

மேப்பிள் பக்கத்துக்கு இந்த உத்தி அப்படியே செல்லாது, அங்கே இடைவெளி குறுகியது. ஆனால் அதே யோசனையை இன்னும் கொஞ்சம் நீட்டினால்? மரம் இலையுதிர்த்து நிற்கும் நவம்பர் முதல் மார்ச் வரை அது தண்ணீரே குடிப்பதில்லை என்று சொல்லலாம். மண் நனைந்து கிடக்கும், வெளிச்சமும் உண்டு. அப்போது விழித்திருந்து கோடையில் உறங்கும் செடி ஒன்று வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது. சைக்ளமன் ஹெடரிஃபோலியம், மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. கோடை வறட்சியில் கிழங்காகத் தூங்கும். கோடை முடிந்து பூக்கும். இலை குளிர்காலம் முழுக்க நின்று, வசந்தக் கடைசியில் மடியும். மேப்பிளோடு அது தண்ணீருக்குச் சண்டை போடுவதே இல்லை, இருவருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். ஸ்னோடிராப்பும் இதே ரகம்.

கோடையிலும் விழித்திருந்துதான் ஆக வேண்டும் என்றால் தோல் தடித்த, சிக்கனமான செடிகள் வேண்டும். எப்பிமீடியம் அதில் முதல் இடம். இலை தோல் போல விறைப்பானது, வேர்த்தண்டு மெல்ல ஊர்ந்து இடைவெளி பிடிக்கும். ஜெரேனியம் மேக்ரோரைசம், தடித்த தண்டில் ஈரம் சேர்த்துவைக்கும், இலையைக் கசக்கினால் காட்டமான வாசனை. ஆண்பெரணி எனப்படும் ட்ரையாப்டெரிஸ் ஃபிலிக்ஸ்மாஸ், பெரணிகளில் வறட்சி தாங்குவதில் பெயர் பெற்றது. நாங்கள் முதலில் வைத்தது பெண்பெரணி. ஈரம் கேட்கும் அதை அங்கே வைத்தது எங்கள் அறியாமை.

இடத்தைப் பார்த்துச் செடி என்பது நாங்கள் கண்டுபிடித்த ஞானம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில், மழை குறைந்த ஒரு மூலையில் தோட்டம் போட்ட பெத் சாட்டோ வாழ்நாள் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். 1987 அக்டோபர் புயலில் மரங்கள் சாய்ந்த பிறகு அவர் கானகத் தோட்டம் ஒன்றை உருவாக்கினார். அதுவும் இதே சிந்தனையில்தான். எங்களுக்கு இது காதில் விழுந்திருந்தது, மண்ணில் கை வைத்த பிறகுதான் உறைத்தது.

மறுநடவு

நான்காம் வருடம் செப்டம்பர் கடைசியில் நட்டோம். முன்பு செய்த தவறுகளில் பெரிய ஒன்று மே மாதத்தில் நட்டது. மே மாதம் நட்ட செடிக்கு வேர் பிடிக்க ஆறு வாரம்தான் அவகாசம், அதற்குள் மரம் முழு வேகத்தில் குடிக்கத் தொடங்கிவிடும். இலையுதிர்காலத்தில் நட்டால் மண்ணில் இன்னும் சூடு இருக்கும், மழையும் வரும், மரம் அடங்கிக்கொண்டிருக்கும். செடிக்கு ஏழெட்டு மாதம் கிடைக்கிறது.

இந்த முறை பாத்தியைக் கொத்தவே இல்லை. வேர்களுக்கு நடுவில் விரலால் தடவி இடைவெளி தேடி, குறுகலான கைக்கொத்தால் சின்னச் சின்னக் குழி எடுத்தோம். வேர் தடிமனாக இருந்தால் அரை அடி தள்ளி வேறு இடம். பெரிய தொட்டிச் செடிகள் இதற்கு ஆகாது. 9 சென்டிமீட்டர் தொட்டியில் வரும் சின்னச் செடிகள்தான் வேரிடுக்கில் உட்காரும். அவை சீக்கிரம் பழகிவிடும் என்பதும் உண்மை. மேப்பிள் பக்கம் 34 வைத்தோம்: எப்பிமீடியம் 12, ஜெரேனியம் 8, சைக்ளமன் 8, ஆண்பெரணி 6. இது தவிர ஸ்னோடிராப் கிழங்குகள், அவற்றை எண்ணவில்லை.

அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் ஒன்றும் வைக்கவில்லை.

"அங்க ஏதாவது வெச்சாத்தானே நல்லா இருக்கும்?"

"ஒண்ணும் வேண்டாம்க்கா. இலை கிடக்கட்டும், போதும்."

காட்டிலும் பெரிய மரத்தின் தூரை ஒட்டி எதுவும் பெரிதாக வளர்வதில்லை. அதை மூடியே தீர வேண்டும் என்ற ஆசைதான் மரத்தடித் தோட்டங்களில் பாதிக் காசைத் தின்கிறது.

ஓக் பக்கம் பிழைத்த ஹோஸ்டாக்களோடு ட்ரில்லியம், ப்ளட்ரூட், ப்ரூனெரா, டியரெல்லா சேர்ந்தன. ஆஸ்டில்பியில் உயிர் தப்பிய மூன்றையும் பாத்தியை விட்டே வெளியே கொண்டுபோய், கூரைத் தண்ணீர்க் குழாய் கொட்டும் பள்ளத்தில் வைத்தோம். மலை ஓடைக் கரைகளில் வளரும் செடியை மரத்தடியில் வைத்ததே பிழை. இப்போது அது இடுப்பளவு நிற்கிறது. சுவர் ஓரத்துக்கு வந்த செடியின் கதை தனி, கீழே சொல்கிறேன்.

மண்ணுக்கு மேல் இலைமட்கு, 5 சென்டிமீட்டர் கனத்தில். உதிர்ந்த இலைகளைக் கம்பி வலைக் கூண்டில் போட்டு ஒன்றரை இரண்டு வருடம் விட்டால் கிடைப்பது. புல்வெட்டும் இயந்திரத்தால் ஒருமுறை நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மட்கும், ஓக் இலை முரண்டு பிடிக்கும். இதில் உரச்சத்து அதிகம் இல்லை. இது மண்ணை மூடி, ஈரத்தைப் பிடித்துவைத்து, மெல்ல மண்ணின் அமைப்பை மாற்றும். காடு தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மூடாக்கு இதுதான். இதை அடிமரத்தில் படாமல் தள்ளிப் போட வேண்டும். செடியின் குருத்து மேலும் குவிக்கக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு தேவைப்பட்டது. முதல் இரண்டு கோடைகளிலும் மழை இல்லாத வாரங்களில் மேப்பிள் பக்கத்துச் செடி ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒருமுறை 2 லிட்டர், பூவாளியில், செடியின் தூரில் மெதுவாக. தினமும் மேலே கொஞ்சம் தெளிப்பது மரத்தின் மேல்வேருக்குத் தீனி போடுவதுதான். மூன்றாம் கோடையிலிருந்து நிறுத்திவிட்டோம்.

விளைவும் மிச்சச் சிக்கல்களும்

நட்டு மூன்று கோடைகள் முடிந்த நிலையில் மேப்பிள் பக்கத்து 34-இல் 27 இருக்கிறது. எப்பிமீடியம் பன்னிரண்டும் தப்பிவிட்டன. முதல் இரண்டு வருடம் அவை ஒன்றும் செய்யவில்லை, இந்த வருடம்தான் ஒன்றையொன்று தொடத் தொடங்கியிருக்கின்றன. இது மெதுவான செடி, பொறுமை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம். குளிர்காலக் கடைசியில், பூங்காம்பு எட்டிப்பார்க்கும் முன்பு பழைய இலையை ஒட்ட நறுக்கிவிட வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் பூவையும் சேர்த்து வெட்டுவீர்கள், நான் ஒருமுறை வெட்டினேன். சைக்ளமனில் மூன்று போய்விட்டது. கிழங்கை ஆழமாகப் புதைத்தது காரணமாக இருக்கும், மண்ணுக்குச் சற்றே கீழே இருந்தால் போதும். ஜெரேனியம் கிளை வெட்டிய மேற்கு ஓரத்திலும் நன்றாக நிற்கிறது. பெரணியில் நான்கு போனது. அவை நான்கும் மரத்துக்கு மிக அருகில் வைத்தவை.

ஓக் பக்கத்துச் சிக்கல் தண்ணீர் இல்லை, ஓடில்லா நத்தை. ஈரமும் இலைக்குப்பையும் இருக்கும் இடத்தில் ஹோஸ்டாவை வைப்பது நத்தைக்குப் பந்தி விரிப்பது போலத்தான். வசந்தத்தில் குருத்து சுருண்டு மேலே வரும் அந்த இரண்டு வாரம்தான் ஆபத்து. சுருளில் ஒரு கடி விழுந்தால் இலை விரியும்போது அது வரிசையாக நான்கு ஓட்டையாகி, வருடம் முழுக்க அப்படியே நிற்கும். அந்த இரண்டு வாரம் இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குகிறோம். குருத்தைச் சுற்றி மட்டும் இலைக்குப்பையை ஒதுக்குகிறோம். தேவைப்பட்டால் இரும்புப் பாஸ்பேட் குருணை. இலை தடித்த ரகங்களுக்கு அடி குறைவு, மெல்லிய இலை ரகங்களை அக்கா தொட்டிக்கு மாற்றிவிட்டாள்.

சுவர் ஓரத்தில் இப்போது லில்லி ஆஃப் த வேலி. யாரோ அன்பாகக் கொடுத்த ஒரு பிடி. வாசனைக்கு ஈடு இல்லை, அடாவடிக்கும் ஈடு இல்லை. ஈரமான ஓக் பக்கம் வைத்திருந்தால் ட்ரில்லியத்தை விழுங்கியிருக்கும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கல் பதித்த நடைபாதை, நடுவில் காய்ந்த மண் என்ற சிறைக்குள் போட்டதால் அடங்கி இருக்கிறது. செடி முழுக்க இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு என்பதால் குழந்தைகள் ஓடும் தோட்டத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இந்த மூன்று வருடங்களில் நடந்த ஒரே விபத்து ஐந்தாம் வருட ஆகஸ்டில். ப்ளீடிங் ஹார்ட் ஒன்று வழக்கம்போலக் கோடையில் படுத்துவிட்டது. வெற்றிடமாகத் தெரிந்த இடத்தில் நான் ஒரு பெரணியை வைக்கக் கொத்தினேன். கொத்து நேராக அதன் வேரில் இறங்கி இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி பிழைத்தது. அதிலிருந்து கோடையில் மறையும் செடிகள் எல்லாவற்றுக்கும் பக்கத்திலும் குச்சி நட்டு வைத்திருக்கிறோம். அவற்றின் ஓரத்தில் பெரணியும் ஹோஸ்டாவும் வைத்தால் இவை மறையும் நேரத்தில் அவை விரிந்து வெற்றிடத்தை மூடும். குச்சியும் தேவைப்படாது என்று நினைத்தேன், ஆனால் குச்சியும் வேண்டும்.

ட்ரில்லியம் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் பெருக்கிய செடியா என்று கேட்டு வாங்க வேண்டும். காட்டில் தோண்டி விற்பதும் நடக்கிறது, அதன் வளர்ச்சி வேகத்துக்கு அந்தக் கொள்ளையை ஈடுசெய்யவே முடியாது. பூவை இலையோடு பறித்தாலும் போச்சு, அந்த மூன்று இலைதான் அந்த வருடத்துக்கு அதற்கு இருக்கும் மொத்தச் சமையலறை. விதைகளைக் காட்டில் எறும்புகள் தூக்கிப்போகும். விதையோடு ஒட்டிய கொழுப்புச் சதைக்காக அவை செய்யும் வேலை அது. விதையிலிருந்து பூ வர ஏழு வருடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும்.

நாங்கள் அளந்த வருடக் கோடையில், பழுத்தவுடன் கிடைத்த கொஞ்சம் விதையை ஓக் அடியில் ஒரு ஓரத்தில் தூவியிருந்தோம். மறு வருடம் ஒன்றும் தெரியவில்லை, அப்போது மண்ணுக்குள் வேர் மட்டும்தான் விட்டிருக்கும். அதற்கடுத்த வசந்தம் புல் போல ஒற்றை விதையிலை. இந்த வசந்தம் நகக்கண் அகலத்தில் ஒரே ஒரு உண்மையான இலை, மொத்தம் பதினோரு செடிகளில். மூன்று இலை வருவதற்கே இன்னும் காத்திருக்க வேண்டும். அக்கா அந்த ஓரத்தைச் சுற்றி நான்கு குச்சி நட்டு, விதை தூவிய மாதத்தையும் வருடத்தையும் எழுதி, கீழே என் பெயரையும் போட்டு "கொத்தாதே" என்று எழுதி வைத்திருக்கிறாள்.